தேய்ந்த பின்னும் ஓடும் வண்டி

ஈயம் பூசுகிறவரும், அம்மி கொத்துகிறவரும், குடை ரிப்பேர் செய்கிறவரும் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போன காலம் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு சாமான் பழுதானால் அதைத் தூக்கி எறிந்துவிடுவது என்ற யோசனையே அன்று நம் வீடுகளில் எழுந்ததில்லை. அமெரிக்கர்களைப் பற்றியோ நாம் வேறு விதமாக அபிப்பிராயம் வைத்திருக்கிறோம். வாங்குவது, கொஞ்ச நாள் உபயோகிப்பது, எறிந்துவிட்டு வேறு வாங்குவது, இதுதான் அவர்களுடைய சுபாவம் என்று சொல்லிக்கொள்கிறோம். இந்த அபிப்பிராயம் முழுவதும் நியாயமானதல்ல என்பதற்கு அத்தேசத்தின் கொல்லைப்புறங்களில் ஒரு சாட்சி நின்றுகொண்டிருக்கிறது. அதுதான் தோட்ட டிராக்டர்.

வயலில் உழுகிற பெரிய டிராக்டரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தோட்ட டிராக்டர் அதன் குட்டி. அமெரிக்காவில் ஊர்ப்புறத்து வீட்டைச் சுற்றி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் புல்வெளி இருப்பது சகஜம். அந்தப் புல்லை வெட்டவும், காய்கறிப் பாத்தியை உழவும், பனிக்காலத்தில் வாசலில் குவிந்த பனியை ஒதுக்கவும் இந்தக் குட்டி வண்டி உதவுகிறது. ஒரு மனிதர் ஏறி உட்கார்ந்து ஓட்டலாம். பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஒற்றை ஸிலிண்டர் என்ஜின்தான். 1960-க்குப் பின் வந்த பத்து வருஷங்களில் செய்த வண்டிகள் பல இன்னும் ஓடுகின்றன. தாத்தா வாங்கிய வண்டியில் பேரன் புல் வெட்டுகிறான்.

அவை தேயாத இரும்பினால் செய்யப்பட்டவை என்று நினைத்துவிட வேண்டாம். தேயாத யந்திரம் உலகத்தில் இல்லை. அவை பிழைத்திருப்பதற்குக் காரணம் வேறு. தேய்ந்த பாகம் எது என்று கண்ணால் பார்க்க முடிகிறது; அதைச் சாதாரணக் கருவிகளைக்கொண்டு கழற்ற முடிகிறது; அதற்கு மாற்று செய்ய ஒரு லேத்துப் பட்டறையால் முடிகிறது. இது எப்படி என்பதை ஒரு குறிப்பிட்ட வண்டியை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற பெரிய கம்பெனி 1902-ல் மக்கார்மிக், டீரிங் முதலிய அறுவடை யந்திரக் கம்பெனிகள் ஒன்று சேர்ந்து பிறந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது விமானங்கள் கட்டிய ஒரு தொழிற்சாலையைக் கென்டக்கி மாகாணத்தில் உள்ள லூயிவில் நகரில் 1946-ல் அது வாங்கியது. அங்கே 1947 முதல் ‘பார்மால் கப்’ என்ற சிறு டிராக்டரைச் செய்தது. சிறு குடியானவர்களுக்கென்று செய்த வண்டி அது. 1961-ல் அதைவிடவும் சிறிதாக, வீட்டுத் தோட்டத்துக்கென்று ‘கப் கேடட்’ வெளிவந்தது. கோலர் கம்பெனியின் ஏழு குதிரைச் சக்தி என்ஜின் அதற்கு. (குளியல் தொட்டியும் கை கழுவும் தொட்டியும் செய்து பேர் வாங்கிய அதே கோலர்தான்.) பின்பக்கத்துக் கியர்ப் பெட்டியோ, மூத்த வண்டியான பார்மால் கப்பினுடையதை ஒட்டிச் செய்யப்பட்டது. பெரியவனுடைய சட்டையைச் சிறியவனுக்குப் போட்டதுபோல, வேண்டியதற்கு மேலேயே அது பலமாக அமைந்துவிட்டது.

இன்னொரு விசேஷமும் உண்டு. அந்தக் காலத்துத் தோட்ட டிராக்டர்கள் பலவற்றில் என்ஜினின் சக்தி ரப்பர்ப் பட்டை வழியாகச் சக்கரத்துக்குப் போயிற்று. கப் கேடட்டில் பட்டை கிடையாது. மோட்டார்க் காரில் இருப்பதுபோல ஒரு கிளட்ச். அதிலிருந்து வண்டியின் நடுவே பின்னோக்கிப் போகிற ஓர் இரும்புத் தண்டு. பட்டறைக்காரர்கள் இதை ஷாப்ட் என்பார்கள். தண்டின் பின்முனை ஓர் இணைப்புக் குழலுக்குள் நுழைந்து கியர்ப் பெட்டியோடு சேர்கிறது. குழலையும் தண்டையும் ஊடுருவிக் குறுக்கே அடித்த சிறு எஃகு முளைதான் அவற்றைப் பிணைத்து வைத்திருக்கிறது. அதன் பெயர் பின். நம் கட்டை வண்டியில் சக்கரம் கழன்றுவிடாமல் காக்கிற கடையாணியை அறிவோம் அல்லவா? இதற்கு அதைவிடவும் வேலை அதிகம். கடையாணி சக்கரத்தைத் தடுத்து நிறுத்தினால் போதும். இந்தப் பின்னோ என்ஜினின் சக்தி முழுவதையும் தன் உடம்பின் வழியாகக் கடத்த வேண்டும்.

எவ்வளவு சக்தி என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்கு என்றவுடன் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஏழு குதிரைச் சக்தி என்ஜின் நிமிஷத்துக்கு 3,600 சுற்றுச் சுற்றும்போது அதன் முறுக்கு விசை சுமார் 10 அடி-பவுண்டு. தண்டின் குறுக்களவு ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. இவ்வளவு குறுகிய தண்டின் விளிம்பில் அந்த முறுக்கைத் தாங்க வேண்டுமானால், பின்னின் இரு பக்கத்திலும் தனித்தனியே ஏறக்குறைய 200 பவுண்டு விசை விழும். அதாவது 90 கிலோ. பென்சிலைவிடச் சற்று மெலிந்த ஒரு முளையின் இரு முனைகளிலும் இரண்டு தடித்த மனிதர்கள் எப்பொழுதும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வண்டி நிதானமாக ஓடும்போது. ஓட்டுகிறவர் கிளட்சை வெடுக்கென்று விட்டால் அந்த இருவரும் எழுந்து குதிக்கிறார்கள் என்று அர்த்தம்.

ரப்பர்ப் பட்டையாயிருந்தால் இப்படிப்பட்ட அதிர்ச்சியில் சற்று வழுக்கிக் கொடுத்துவிடும். இரும்புத் தண்டுக்கு அந்தத் தாட்சணியம் கிடையாது. ஆயிரக்கணக்கான தடவை இந்த அடியை வாங்கிய பிறகு என்ன ஆகிறது? பின் தேய்கிறது என்று எவரும் நினைப்பார்கள். உண்மையில் பெரும்பாலும் தேய்வது பின் அல்ல. அது போகிற துவாரம். பின் வில் எஃகினால் ஆனது, கடினமானது. தண்டின் இரும்பு அவ்வளவு கடினம் இல்லை. ஆகவே வட்டமாக இருந்த துவாரம் வரவர நீண்டு முட்டை வடிவமாகிறது. கொஞ்சம் இடம் கிடைத்ததும் பின் அதற்குள் முன்னும் பின்னும் மோதுகிறது. மோத மோத இடம் இன்னும் பெரிதாகிறது. ஆரம்பத்தில் மெதுவாக வளர்கிற இந்த வியாதி, முற்றிய பிறகு ஓடுகிற வேகத்தில் வளரும்.

அடையாளங்கள் தெளிவானவை. கிளட்ச் மிதியை விடும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு சப்தம். ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு மாறும்போது மறுபடி அதே சப்தம். கால் வைத்த இடத்தில் நடுக்கம். பலர் இதைக் கேட்டதும் கியர்ப் பெட்டி போய்விட்டது என்று முடிவு கட்டிப் பெட்டியைப் பிரித்துவிடுகிறார்கள். அது வீண் சிரமம். என்ஜினை நிறுத்தி, தீப்பொறிக் கம்பியையும் கழற்றி வைத்துவிட்டு, வண்டியைக் கியரில் போட்டு, தண்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தால் போதும். தண்டிலும் குழலிலும் சேர்த்துச் சாக்குக்கட்டியால் ஒரே கோடு இழுத்துவிட்டுத் திருப்ப வேண்டும். கோடு நடுவில் உடைந்து உடைந்து சேர்ந்தால் ஆட்டம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. கோடு உடையாமல் இரண்டும் சேர்ந்தே ஆடினால், குற்றம் அதற்கும் பின்னால். சாக்குக்கட்டிக்குப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு பிரயோஜனமும் உண்டு!

தீப்பொறிக் கம்பியைக் கழற்றச் சொன்னது வெறும் பேச்சுக்கு அல்ல. இந்தப் பழைய என்ஜினைக் கையால் அசைத்தாலே சில சமயம் உயிர் வந்துவிடும். சுழல்கிற தண்டு துணியின் ஒரு நூலைப் பற்றினால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். தொங்குகிற வேஷ்டி முனை, புடவைத் தலைப்பு, தாவணி எதுவும் அதன் பக்கத்தில் வரக்கூடாது. வண்டியைத் தூக்கி நிறுத்திய பிறகு ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பதும் கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும்.

இனி வைத்தியம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறிப் போகிறார்கள். பின் முறிந்து வண்டி நடுத்தோட்டத்தில் நின்றுவிட்டதும் முதலில் தோன்றுகிற யோசனை, “இந்தச் சின்ன முளை எதற்கு? தடித்த போல்ட்டு ஒன்றைப் போட்டு முறுக்கிவிடலாமே?” என்பது. பார்வைக்குப் போல்ட்டு பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் எஃகுத் தகட்டைப் பாய்போலச் சுருட்டிச் செய்த பின்னில் ஒரு சூட்சுமம் உண்டு. துவாரத்தைவிட அது ஒரு மயிரிழை தடிப்பாகவே இருக்கும். அடித்து இறக்கும்போது சுருங்கி உள்ளே போய், பிறகு விரிந்து துவாரத்தின் சுவரைச் சுற்றிலும் அழுத்திக்கொள்ளும். போல்ட்டுக்கு அந்தக் குணம் இல்லை. துவாரத்தில் சுலபமாக நுழைவதற்காக அது சற்று மெலிவாகவே செய்யப்படுகிறது. அந்த மயிரிழை இடைவெளிதான் வியாதியின் விதை. மரை வெட்டிய பாகம் துவாரத்துக்குள் அமைந்துவிட்டால் அரம் போட்டு ராவுவதுபோலவே ஆகும். போல்ட்டு முறியாமல் இருக்கலாம். ஆறு மாதத்தில் தண்டு வீணாகிவிடும்.

இரண்டாவது யோசனை, தண்டையும் குழலையும் சேர்த்துப் பற்றவைத்துவிடுவது. ஆட்டம் நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் அடுத்த தடவை கிளட்சின் தட்டை மாற்ற வேண்டுமென்றால் ரம்பத்தை எடுத்துத் தண்டை அறுக்க வேண்டும். சூட்டினால் தண்டு ஒரு நூல் வளைந்தாலும் போதும், அது சுழலும்போது கிளட்சையும் கியர்ப் பெட்டியின் பேரிங்கையும் ஆட்டி ஆட்டிக் கெடுத்துவிடும். பற்றவைக்கிற தொழிலை நான் குறை சொல்லவில்லை. கழற்ற வேண்டிய இடத்தில் அதைச் செய்வதுதான் தவறு.

சரியான வழிகள் பல உண்டு. தேய்மானம் சொற்பமாயிருந்தால் பழைய துவாரத்தை விட்டுவிட்டு, தண்டைக் கால்வட்டம் திருப்பி, பக்கத்தில் புதிதாகத் துளை போடலாம். அதிகமாயிருந்தால் பழைய துவாரத்தைப் பற்றவைத்து நிரப்பி, லேத்தில் சமன் செய்து, மறுபடி துளைக்கலாம். ஒரு நம்பர் பெரிய பின்னைப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் துவாரம் பெரிதாக ஆகத் தண்டில் மிஞ்சுகிற இரும்பு குறைகிறது என்பதை மறக்கக்கூடாது. என் அபிப்பிராயத்தில் நல்ல வழி, புதுத் தண்டே செய்துகொள்வதுதான். எட்டில் ஐந்து அங்குலம் என்பது ராஜ ரகசியமான அளவு அல்ல. அந்தக் கனத்தில் வழவழப்பாகச் சாணை பிடித்த உறுதியான எஃகுக் கம்பி அமெரிக்க இரும்புக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அளந்து வெட்டி, முன்முனையை லேத்தில் கடைந்து, துவாரங்களைப் போட்டுவிட்டால் தண்டு தயார். கஷ்டம் ஒன்றே: உருண்டைக் கம்பியின் நேர் நடுவில் துளை போடுவது. கம்பி நழுவும், துளைமுனை சறுக்கும். கம்பியை V வடிவப் பள்ளத்தில் படுக்க வைத்து இறுக்கி, முதலில் மெல்லிய துளையும் பிறகு முழுத் துளையுமாகப் போட்டால் நடு தப்பாது. பின்னை அடித்து இறக்குவதற்கு அதைவிடச் சற்று மெலிந்த எஃகு முளை ஒன்று வேண்டும். நேரே சுத்தியலால் அடித்தால் தலை நசுங்கிப் பாதியில் நின்றுவிடும்.

தண்டை வெளியே எடுத்தபோதே கிளட்சையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். மிதியை அழுத்தும்போது ‘கீச்’சென்று கத்தினால் அங்குள்ள பேரிங் தேய்ந்திருக்கிறது, அதை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. அந்தப் பேரிங்கை அழுத்துகிற நெம்புகோலின் முனையில் பள்ளம் விழுந்திருந்தால், அதைப் பற்றவைத்து நிரப்பி அரத்தால் ராவிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரலாம். தண்டின் முன்முனை உட்கார்ந்திருக்கும் சிறு புஷ் தேய்ந்திருந்தால் அதையும் அப்பொழுதே மாற்றிவிட வேண்டும். புதுத் தண்டைப் பழைய புஷ்ஷில் போடுவது, புது வேஷ்டியைச் சேற்றில் துவைப்பது மாதிரி.

பின் என்பது உறுதியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அதற்கு நேர் விரோதமான ஒரு பின்னும் இதே வண்டியோடு வருகிறது. தோட்ட டிராக்டரின் முன்னால் பூட்டுகிற பனி வாரும் யந்திரத்தில், பனியை அள்ளுகிற திருகின் தண்டில் ஒரு மெதுவான போல்ட்டு இருக்கும். முறிவதற்கென்றே அது போடப்பட்டிருக்கிறது. பனிக்குள் மறைந்திருக்கும் கல்லோ கட்டையோ திருகில் சிக்கினால், மலிவான அந்தப் போல்ட்டு உடைந்து, விலை உயர்ந்த வெண்கலப் பற்சக்கரத்தைக் காப்பாற்றும். இரண்டு தடவை முறிந்ததும் கோபம் கொண்டு, “இனி எப்படி உடைகிறாய் பார்க்கலாம்!” என்று கடினமான போல்ட்டைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. போல்ட்டு உடைவதில்லை, பற்சக்கரம் உடைகிறது. ஆக, ஒரு பாகத்தை மாற்றுவதற்கு முன் அது எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்குப் பதில் யந்திரத்தோடு வரும் புத்தகத்தில்தான் இருக்கும். அந்தக் காலத்துக் கம்பெனிகள் ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து வரைந்த படமும், அதன் நம்பரும், கழற்றும் முறையும் அடங்கிய புத்தகங்களை வெளியிட்டன. 1981-ல் ஹார்வெஸ்டர் கம்பெனி கப் கேடட் தொழிலை எம்.டி.டி. என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டது. சில வருஷங்களில் அதன் விவசாயப் பகுதியும் கைமாறிப் பழைய கம்பெனியே உருத் தெரியாமல் போயிற்று. படப் புத்தகம் இருந்ததனால் வண்டிகள் அநாதையாகவில்லை.

இதைப் படிக்கும்போது நம் தேசத்து விஷயம் ஒன்று ஞாபகம் வருகிறது. 1929-ல் காந்தியடிகளின் முயற்சியால், அகில இந்திய சர்க்கா சங்கம் சிறந்த ராட்டினத்தைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தது. எவ்வளவு நூல் நூற்க வேண்டும், விலை 150 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்ற நிபந்தனைகளை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவற்றோடு வேறு ஒரு நிபந்தனையும் இருந்தது. காலாகாலத்தில் கவனித்து வந்தால் ராட்டினம் 20 வருஷம் உழைக்க வேண்டும். தேய்ந்த பாகங்களை மாற்றுகிற செலவு வருஷத்துக்கு அதன் விலையில் நூற்றுக்கு 5-க்கு மேல் ஆகக்கூடாது. யந்திரம் என்றாலே மகாத்மாவுக்கு ஆகாது என்று சொல்கிறவர்கள் இந்த நிபந்தனையைப் படித்துப் பார்க்க வேண்டும். யந்திரத்தின் தேய்மானத்தை வாங்குகிறவனுடைய வரவு செலவில் சேர்த்துக் கணக்குப் பார்த்த மனிதர் அவர். அந்தப் பரிசு ஒருவருக்கும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவிலேயே இன்று நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. புதிய பெரிய டிராக்டர்களில் கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு எது கெட்டது என்று சொல்கிறது. சொல்வதைப் படிக்கிற சாவியைக் கம்பெனி தன்னிடம் வைத்துக்கொள்கிறது என்று குடியானவர்கள் புகார் செய்தார்கள். தேய்ந்த பாகத்தைத் தாமே மாற்றினாலும், மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ள டீலரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் குறை. விவசாய யந்திரங்களைப் பழுது பார்க்கும் உரிமைக்காகக் கொலராடோ மாகாணம் 2023-ல் சட்டம் செய்தது; 2024 ஜனவரி முதல் அது அமலுக்கு வந்தது. 2025 ஜனவரியில் அந்நாட்டு மத்திய வர்த்தகக் கமிஷன், இரண்டு மாகாணங்களோடு சேர்ந்து, டிராக்டர் செய்வதில் முன்னணியில் நிற்கும் ஜான் டீர் கம்பெனியின்மேல் இதே விஷயமாக வழக்குத் தொடுத்தது. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது.

நம் நாட்டிலும் இந்தப் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. 2022 ஜூலையில் மத்திய சர்க்காரின் நுகர்வோர் விவகார இலாகா பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய ஒரு கமிட்டி அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. மற்றவை கைபேசிகள், வீட்டு உபயோகச் சாமான்கள், மோட்டார் வண்டிகள். அதே வருஷம் டிசம்பர் 24-ந் தேதி இதற்கென ஓர் இணையத் தளமும் திறக்கப்பட்டது. கம்பெனிகள் தங்கள் சாமான்களின் உபயோகப் புத்தகம், உதிரிப் பாகங்களின் விவரம், உத்தரவாதம் முதலியவற்றை அங்கே வெளியிட வேண்டும் என்பது ஏற்பாடு. நம் தமிழ் நாட்டு வயல்களில் மாட்டுக்குப் பதிலாகக் கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிற பவர் டில்லர் இருக்கிறது அல்லவா? கப் கேடட்டுக்கு அது ஒரு விதத்தில் தாயாதி. அதிலும் கிளட்ச், பட்டை, சங்கிலி, பேரிங் எல்லாம் தேய்கின்றன. அதை வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் குதிரைச் சக்தி எவ்வளவு, மானியம் எவ்வளவு என்று விசாரிப்பதோடு நின்றுவிடாமல், பாகங்களைப் பிரித்து வரைந்த படப் புத்தகம் இருக்கிறதா, அது தமிழில் இருக்கிறதா என்றும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுப் பார்க்கலாம்.